மசூர் ரயில் நிலையம்: பயணச்சீட்டு முடிகிற இடம்

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், புனே–மீரஜ் ரயில் பாதையில், கராட் நகருக்குச் சற்று முன்னால் மசூர் என்றொரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறது. அது சந்திப்பும் இல்லை, பெரிய ஊரும் இல்லை. பாசஞ்சர் வண்டி நின்று போகிற எத்தனையோ கிராமத்து ஸ்டேஷன்களில் ஒன்று. ரயில்வேயின் வரலாற்றில் அதற்குப் பெரிய இடம் எதுவும் கிடையாது.

ஆனால் நம்முடைய வரலாற்றில் அதற்கு இடம் உண்டு. 1901 வாக்கில் ஒரு கோடைகாலத்தில் மாலை 5 மணிக்கு நான்கு சிறுவர்கள் அந்த நடைமேடையில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவனுக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். அவன் பெயர் பீமராவ்.

இந்தக் கதையை நம்மில் பலர் மேடைகளில் கேட்டிருக்கிறோம். "அம்பேத்கரை மாட்டு வண்டியில் ஏற்ற மறுத்தார்கள்" என்ற ஒரு வரியோடு அது முடிந்துவிடும். கேட்டவர்கள் வருத்தப்பட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அப்படிச் சுருக்கும்போது அதன் முக்கியமான பகுதி விடுபட்டுப் போகிறது. மசூரில் நடந்தது ஒரு சிறுவனுக்கு நேர்ந்த அவமானம் மட்டும் அல்ல. ரயில், பயணச்சீட்டு, ஸ்டேஷன் மாஸ்டர், அரசுச் சாலை, சுங்கச்சாவடி என்று நவீன அரசு அமைத்த ஏற்பாடுகளுக்குள் சாதி எந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது என்பதை அந்த ஒரு பயணம் நமக்குக் காட்டுகிறது. அதனால் கொஞ்சம் பொறுமையாக, அந்த ஸ்டேஷனிலேயே நின்று பார்ப்போம்.

பஞ்சம் போட்ட பாதை

முதலில் அந்த ரயில் அங்கே எப்படி வந்தது? 1876–78 பெரும் பஞ்சத்தில் தக்காணமும் தென்னிந்தியாவும் லட்சக்கணக்கான உயிர்களை இழந்தன. தானியத்தை விரைவாகக் கொண்டு சேர்க்கப் பாதைகள் வேண்டும் என்று சொல்லி அரசு "பஞ்சப் பாதைகள்" அமைக்க முனைந்தது. அதற்காக 1882-ல் உருவானதுதான் சதர்ன் மராட்டா ரயில்வே கம்பெனி. புனேயிலிருந்து சாத்தாரா, மீரஜ் வழியாகத் தெற்கே இறங்கும் பாதையை அது மீட்டர் கேஜில் அமைத்தது. 1908-ல் இந்தக் கம்பெனி மெட்ராஸ் ரயில்வேயோடு இணைந்து 'மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே' ஆனது. தலைமையகம் சென்னை. ஆக, மசூர் ஸ்டேஷன் பல ஆண்டுகள் நம்முடைய சென்னையிலிருந்து நிர்வகிக்கப்பட்ட ஸ்டேஷன்.

அந்தச் சிறுவர்களின் பயணமும் ஒரு பஞ்சத்தால் வந்ததுதான். 1899–1900 பஞ்சத்தில் பம்பாய் மாகாணம் கடுமையாக அடிபட்டது. பசியால் செத்துக்கொண்டிருந்த மக்களுக்கு வேலை கொடுக்க, கட்டாவ் தாலுகாவில் உள்ள கோரேகாவ் என்ற இடத்தில் அரசு ஓர் ஏரி வெட்டும் வேலையைத் தொடங்கியது. அங்கே காசாளராக இருந்தவர் ராம்ஜி சக்பால், பீமராவின் தந்தை. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகர்களைப் படையில் சேர்ப்பதையே 1890களில் வெள்ளை அரசு நிறுத்திவிட்டிருந்தது. அந்தப் பழைய தலைமுறையின் மிச்சம் அவர்.

தாய் இறந்துவிட்டார். பிள்ளைகள் சாத்தாராவில் அத்தையின் பொறுப்பில் இருந்தார்கள். கோடை விடுமுறைக்குக் கோரேகாவ் வரும்படி அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. பீமராவ், அவருடைய அண்ணன், இறந்துபோன மூத்த அக்காவின் இரண்டு மகன்கள் என நான்கு பேர் கிளம்பினார்கள். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, புது செருப்பு, பட்டுக்கரை வேட்டி. வீட்டிலிருந்து ஸ்டேஷன் 10 மைல் தூரம். அதற்கு ஒரு குதிரை வண்டி. ஸ்டேஷனில் அண்ணன் ஆளுக்கு 2 அணா கைச்செலவுக்குக் கொடுத்தார். உடனே ஆளுக்கொரு லெமனேட் பாட்டில் வாங்கிக் குடித்தார்கள். முதல் ரயில் பயணத்தின் குதூகலம்.

இதையெல்லாம் நமக்குச் சொல்வது அம்பேத்கரே. 1930களின் நடுவில் தன் கைப்பட எழுதி வைத்திருந்த நினைவுக் குறிப்புகள் அவை. 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற பெயரில் 1990-ல் மக்கள் கல்விக் கழகம் அவற்றைச் சிறு நூலாக வெளியிட்டது. பிறகு மகாராஷ்டிர அரசு வெளியிடும் தொகுப்பின் 12-ஆவது தொகுதியில் சேர்ந்தன. இதுவரை படிக்காதவர்கள் இந்த வாரமே படித்துவிடுங்கள். ஓரிரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

ஸ்டேஷன் மாஸ்டரின் கேள்வி

ரயிலுக்குள் அந்த நால்வருக்கும் ஒரு சிக்கலும் வரவில்லை. இதைக் கவனியுங்கள். காசு கொடுத்தார்கள், சீட்டு கிடைத்தது, ஏறி உட்கார்ந்தார்கள். சீட்டில் சாதி அச்சடிக்கப்படவில்லை.

1853-ல், இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் ஓடிய அதே ஆண்டில், கார்ல் மார்க்ஸ் ஒரு கணிப்பைச் சொன்னார். ரயில் கொண்டுவரும் நவீனத் தொழில், சாதிக்கு அடிப்படையாக இருக்கும் பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும் என்பது அந்தக் கணிப்பு. ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்து பார்த்தால் அது நடந்துவிடும் போலத்தான் இருந்திருக்கும். மசூரில் இறங்கிப் பார்த்தால்தான் மீதி தெரியும். அந்தப் பாதை போடப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சாதிக்கு அதைப் பழகிக்கொள்ள அந்தச் சில ஆண்டுகளே போதுமானதாக இருந்தன.

வண்டி போனது. இறங்கிய மற்றவர்களும் போய்விட்டார்கள். அழைத்துப் போக அப்பாவும் வரவில்லை, அப்பாவின் வேலையாளும் வரவில்லை. கடிதம் அந்த வேலையாளின் கைக்கு வந்தும் அவர் அதை ராம்ஜியிடம் சேர்க்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. ஒரு மணி நேரம் போனது. ஸ்டேஷன் மாஸ்டர் வந்து சீட்டைப் பார்த்தார். சரியாக இருந்தது. எங்கே போக வேண்டும் என்று கேட்டார். நல்ல உடை உடுத்திய பிள்ளைகள் இப்படி நிற்கிறார்களே என்று இரக்கப்பட்டார். பிராமணக் குழந்தைகள் என்றே நினைத்துக்கொண்டார்.

பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது: நீங்கள் யார்?

பீமராவ் ஒரு கணமும் யோசிக்காமல் மகர்கள் என்று சொல்லிவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறியது. எதுவும் சொல்லாமல் தன் அறைக்குப் போய்விட்டார்.

அவருடைய வேலைக்கு அந்தக் கேள்வி தேவையா? ஒரு சிறிய ஸ்டேஷனில் பயணிகளைப் பொறுத்தவரை ஸ்டேஷன் மாஸ்டர்தான் மொத்த ரயில்வேயும். பயணியிடம் சீட்டு இருக்கிறதா என்பது மட்டுமே அவர் தெரிந்துகொள்ள வேண்டியது. சீட்டு சரி என்று பார்த்த பிறகு அவர் கேட்ட அடுத்த கேள்வி ரயில்வே கேட்கச் சொன்ன கேள்வி அல்ல. ஊர் கேட்கச் சொன்ன கேள்வி. நம்மில் பலருக்கு இந்தக் கேள்வி நன்றாகவே பழக்கம். வாடகைக்கு வீடு தேடும்போது, விடுதியில் புதிதாகச் சேரும்போது, முதல் வேலையில் முதல் நாள் சாப்பாட்டு இடைவேளையில், "நீங்க எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்?" என்று அது வேறு வேறு வடிவத்தில் வரும்.

இரட்டைக் கூலி என்ற சாதி வரி

அரை மணி நேரம் கழித்து அவர் திரும்பி வந்தார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். வாடகைக்கு மாட்டு வண்டி கிடைத்தால் போய்விடுவோம் என்றார்கள் சிறுவர்கள். ஸ்டேஷன் வாசலில் வண்டிகள் நின்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் இவர்கள் மகர்கள் என்ற செய்தி அதற்குள் வண்டிக்காரர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு மடங்கு கூலி தருகிறோம் என்றும் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவரும் வரத் தயாராக இல்லை.

பணம் வந்தால் சாதி போய்விடும் என்று நம்மிடம் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். வண்டிக்காரர்கள் பணக்காரர்கள் அல்ல, அன்றாடக் கூலிகள். பஞ்சம் அடித்த பூமி. கண் முன்னால் இரட்டைக் கூலி. அதையும் வேண்டாம் என்று சொல்ல வைக்கிற அளவுக்குத் தீட்டு அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

கடைசியில் ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று சிறுவர்கள் கூவினார்கள். அவரே பேசி முடித்தார்: கூலி இரண்டு மடங்கு, வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருவார். ஒருவர் ஒப்புக்கொண்டார். மாலை 6.30 மணி வாக்கில் வண்டி கிளம்பியது.

இந்த ஏற்பாட்டின் கணக்கைப் பாருங்கள். மற்றவர்கள் ஒரு மடங்கு கொடுத்து உட்கார்ந்து போகிறார்கள். நம் பிள்ளைகள் இரண்டு மடங்கு கொடுத்துத் தாங்களே ஓட்டிப் போகிறார்கள். கூடுதல் விலைக்குக் குறைந்த சேவை. இதை வேறு பெயர் சொல்லி அழைக்க வேண்டாம். இது சாதி வரி.

ஸ்டேஷன் மாஸ்டர் கொடியவர் இல்லை. சிறுவர்களை அவர் விரட்டவில்லை. அவர்களுக்காகப் பேரம் பேசினார். அவர் இல்லையென்றால் அந்த இரவு நடைமேடையிலேயே கழிந்திருக்கும். ஆனால் அவருடைய இரக்கம் எந்தத் தீர்வைத் தந்தது? தீட்டு அப்படியே இருந்தது. வண்டிக்காரரின் சாதி காப்பாற்றப்பட்டது. அவருக்குக் கூலி இரட்டிப்பானது. முழுச் சுமையும் நான்கு குழந்தைகளின் தலையில் விழுந்தது. சாதியைத் தொடாத இரக்கம் எப்போதும் இப்படித்தான் முடியும். நல்ல மனிதர் ஒருவர் கிடைத்தால் போதும் என்று காத்திருக்கக் கூடாது என்பதற்கு மசூரைவிட நல்ல சான்று நமக்குத் தேவையில்லை.

மீதிப் பயணம் நமக்குத் தெரிந்ததே. ஸ்டேஷனைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வற்றிய ஆறு. அங்கே தேங்கிக் கிடந்த நீரில் சேறும் மாட்டு மூத்திரமும் சாணமும் கலந்திருந்தன. கூடை நிறைய உணவு இருந்தும் குடிக்க நீரில்லாமல் அரைகுறையாகச் சாப்பிட்டார்கள். இருட்டியதும், அதுவரை நடந்து வந்த வண்டிக்காரர் ஏறி அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பார்க்கிறவர்கள் இல்லாத இருட்டில் தீட்டும் இல்லை! மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று சொல்லப்பட்ட ஊர் நள்ளிரவாகியும் வரவில்லை. சுங்கச்சாவடியில் நின்றார்கள். முஸ்லிம் என்று சொல்லித் தண்ணீர் கேட்டுப் பார்த்தார்கள். சுங்கம் வசூலிப்பவர் நம்பவில்லை. மலையில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள் என்றார். அந்த இரவு பசியோடும் தாகத்தோடும் வண்டியில் கழிந்தது. மறுநாள் காலை 11 மணிக்குத்தான் கோரேகாவ் போய்ச் சேர்ந்தார்கள்.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, இன்னொரு ஸ்டேஷன்

சிறுவன் படித்தான். கொலம்பியாவில் படித்தான், லண்டனில் படித்தான், பாரிஸ்டர் ஆனான், பம்பாய் சட்டமன்றத்தில் உறுப்பினரானான். "படித்து முன்னேறினால் சரியாகிவிடும்" என்பவர்களின் அளவுகோலில் இதற்கு மேல் உயரம் இல்லை.

1929. தாழ்த்தப்பட்டோரின் நிலையை ஆராயப் பம்பாய் அரசு அமைத்த ஸ்டார்ட் குழுவில் அம்பேத்கர் உறுப்பினர். அந்த வேலையாகத் துலே பாதையில் உள்ள ஒரு கிராமத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்கினார். அந்த ஊர் மகர் மக்கள் ஓர் இரவு தங்கிப் போகும்படி அழைத்திருந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து அவர்களுடைய குடியிருப்பு தூரம் அதிகம் இல்லை. ஆனாலும் அவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஸ்டேஷனில் காக்க வைத்தார்கள். பிறகு ஒரு குதிரை வண்டி வந்தது. ஓட்டியவருக்கு ஓட்டத் தெரியவில்லை. ஆற்றின் மேல் இருந்த சிறு பாலத்தில் சக்கரம் சிக்கி, அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். வண்டியும் குதிரையும் ஆற்றில் விழுந்தன. அவருக்குக் கால் எலும்பு முறிந்தது.

ஏன் காத்திருக்க வைத்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. எந்த வண்டிக்காரரும் மகரை ஏற்றி ஓட்ட வரவில்லை. வந்திருக்கும் தலைவரை நடக்க வைக்க அந்த மக்களுக்கு மனம் வரவில்லை. கடைசியில் வண்டியை மட்டும் வாடகைக்குத் தருவது, ஓட்டுவதற்கு அவர்களே ஆள் பார்த்துக்கொள்வது என்று பேசி முடித்திருந்தார்கள். தன் மரியாதையைக் காப்பாற்றப் போய் அந்த மக்கள் தன் உயிரையே ஆபத்தில் வைத்துவிட்டார்கள் என்று எழுதுகிறார் அம்பேத்கர். பாரிஸ்டரே ஆனாலும் தீண்டத்தகாதவர் என்றால், ஒரு சாதாரண வண்டிக்காரர்கூடத் தன்னை அவருக்கு மேலே வைத்துக்கொள்கிறார் என்பதையும் சொல்கிறார்.

மசூரின் அதே ஏற்பாடுதான் இது. 28 ஆண்டுகளில் ஓர் அங்குலமும் மாறவில்லை. இடையில் பரோடா ரயில் நிலையமும் உண்டு: வெளிநாட்டில் படித்துவிட்டு அரசு வேலைக்குப் போய் இறங்கியபோது, எங்கே தங்குவது என்பதே அங்கே அவருக்கு முதல் கேள்வி. மூன்று ஸ்டேஷனிலும் ரயில் அவரைக் கொண்டுவந்து சேர்த்தது. மூன்றிலும் வாசலுக்கு வெளியே சாதி காத்திருந்தது.

ஸ்டேஷனுக்கு உள்ளே

அப்படியென்றால் ஸ்டேஷனுக்கு உள்ளே சமத்துவம் இருந்ததா? நம் பக்கத்தைப் பாருங்கள். ரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. சுயமரியாதை இயக்கம் அதை ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போராடியது. 1941-ல்தான் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. ராயபுரத்திலிருந்து முதல் ரயில் கிளம்பியது 1856-ல். இடைவெளி 85 ஆண்டுகள்!

வேலையிலும் அதே கதை. 1938 பிப்ரவரியில் மன்மாட் என்ற ரயில்வே ஊரில், ஜி.ஐ.பி. ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர்கள் மாநாட்டுக்கு அம்பேத்கர் தலைமை தாங்கினார். தொழிலாளிகளுக்கு இரண்டு எதிரிகள், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் என்று அவர் சொன்னது அங்கேதான். அது எல்லோருக்கும் தெரியும். அதே உரையில் அவர் சொன்ன இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. ரயில்வேயில் நம் ஆட்கள் காலம் முழுவதும் தண்டவாளத்தில் கேங்மேனாகவே கிடக்கிறார்கள். போர்ட்டர் வேலைகூடத் தருவதில்லை. காரணம்? போர்ட்டர், ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையும் செய்ய வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் சாதி இந்து. அவர் வீட்டுக்குள் தீண்டத்தகாதவர் நுழைய முடியாது.

மசூரில் முகம் மாறிய அந்த மனிதரின் நாற்காலி 37 ஆண்டுகள் கழித்தும் என்ன செய்துகொண்டிருந்தது என்று இப்போது புரிகிறதா? சாதி யார் பயணம் செய்யலாம் என்பதோடு நிற்கவில்லை. யார் கொடி பிடிக்கலாம், யார் கல் சுமக்கலாம் என்பதையும் முடிவு செய்தது.

இன்றைக்கும் அது முழுதாகப் பழங்கதை ஆகிவிடவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். சுகாதாரமற்ற கழிப்பறை எது என்று விளக்கும் இடத்தில் ரயில் பெட்டிகளுக்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள்: அரசு அறிவிக்கும் கருவிகளும் பாதுகாப்பு உடையும் கொண்டு ஊழியர் சுத்தம் செய்தால் அது அந்த வகையில் சேராது. 2014-ல் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் வழக்கில், தண்டவாளங்களில் மலம் அள்ளும் வேலைக்கு முடிவு கட்டக் காலக்கெடுவுடன் திட்டம் வகுக்கும்படி உச்ச நீதிமன்றம் ரயில்வேக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பெட்டிகளில் உயிரிக் கழிப்பறைகள் வந்துவிட்டன. ஆனாலும் துடைப்பம் யார் கையில் இருக்கிறது என்பதை எந்த நடைமேடையில் நின்றாலும் நாம் பார்க்கலாம்.

வாசலுக்கு வெளியே

ரயில் தானாக எதையும் மாற்றவில்லை. மாற்றியது போராட்டம். 1923-ல் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் பொதுக் குளங்களையும் கிணறுகளையும் நமக்குத் திறந்தது. 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலைகளில் நடக்கும் உரிமையைச் சொன்னது. தீர்மானம் காகிதத்தில் கிடந்ததால்தான் 1927-ல் மகாட் குளத்துக்கு ஆயிரக்கணக்கானோர் நடந்து போக வேண்டியிருந்தது. தாகத்தோடு சுங்கச்சாவடியில் படுத்த சிறுவன்தான் அந்த ஊர்வலத்தின் முன்னால் நடந்தான்.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2), 17 ஆகிய பிரிவுகளை அந்தப் பின்னணியில் படியுங்கள். கடை, கிணறு, குளம், சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியிருப்பதன் காரணம் புரியும். 1955-ன் தீண்டாமைக் குற்றச் சட்டமும், 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொது வாகனத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குற்றம் என்கின்றன. மசூர் வண்டிக்காரர் செய்தது இன்று தண்டனைக்குரிய குற்றம். அது அந்த நான்கு சிறுவர்களின் வெற்றி.

ஆனால் சட்டம் இருக்கிறது என்பதற்காக நாம் ஸ்டேஷன் வாசலைப் பார்க்காமல் இருக்க முடியாது. உங்கள் ஊர்ச் சின்ன ஸ்டேஷனுக்கு ஒருநாள் போய் நில்லுங்கள். அங்கிருந்து கிளம்பும் ஷேர் ஆட்டோவும் மினி பஸ்ஸும் காலனிக்குள் வருகின்றனவா, ஊர்த்தெரு முனையிலேயே திரும்பிவிடுகின்றனவா? இரவு கடைசி வண்டியில் கல்லூரியிலிருந்து திரும்பும் நம் தங்கை எந்த இருட்டில் நடக்க வேண்டியிருக்கிறது? தெருவிளக்கு எந்தக் கம்பத்தோடு முடிகிறது? கூட்டம் இல்லை என்று சொல்லிப் பாசஞ்சர் நிறுத்தத்தை எடுத்தால், பைக்கோ காரோ இல்லாத யாருடைய வேலையும் படிப்பும் முதலில் நிற்கும்? எழுதி வையுங்கள், தேதியோடு எழுதி வையுங்கள். மனு கொடுக்கவும் வழக்குப் போடவும் அதுதான் ஆதாரம். பாபாசாகேப் மசூரை மறக்காமல் எழுதி வைத்ததால்தான் இன்று நாம் அதைப் பேசுகிறோம்.

பயணச்சீட்டு தரும் சமத்துவம் ஸ்டேஷன் வாசலோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து வீடு வரை உள்ள தூரத்தைத்தான் நாம் இன்னும் கடக்க வேண்டியிருக்கிறது.

ஜெய் பீம்!